பாதி றெக்கை

என் வீட்டுக்காரருக்கு இந்த உலகத்தில் ஆகவே ஆகாதது கீறல். பாம்பைக் கண்டால்கூட மனிதர் அவ்வளவு பதற மாட்டார்.

வாகனங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் அவருக்கு வேலை. எங்கேயாவது முட்டி மோதி நசுங்கி வரும் வண்டியின் தகரத்தை டிங்கர் வேலைக்காரர் தட்டி நிமிர்த்திக் கொடுப்பார். அதற்கு மேல் இவருடைய ராஜ்ஜியம். பட்டி பூசுவார், உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கையில் ஏதாவது தட்டுப்பட்டால் மறுபடியும் தேய்ப்பு. கடைசியில் நிறம் அடித்து, அதன் மேல் பளபளப்புக்குக் கிளியர் அடித்து வெளியே விட்டால், அடி எங்கே பட்டது என்று வண்டியை இடித்தவனுக்கே தெரியாது. சின்னக் கீறல்களுக்கென்று மெல்லிய பிரஷ் ஒன்று வைத்திருந்தார். அதை எடுத்து டச்சப் செய்ய உட்கார்ந்தால் அவரை அடிக்க ஆள் கிடையாது. பட்டறையில் அவருக்குப் பெயரே டச்சப் அண்ணன்தான்.

வேலையைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வருகிற ஆளாக இருந்தால் நான் எதற்கு இதையெல்லாம் சொல்லப் போகிறேன்? ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். டச்சப் செய்த கையையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"கன்னத்துல தழும்பு இருக்கே, எப்படி வந்துச்சு?" என்றார்.

"சின்ன வயசுல கீழ விழுந்தேன்."

"அப்பவே ஒழுங்கா பார்த்திருந்தா தெரிஞ்சே இருக்காது. விட்டுட்டாங்களே."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்துவைத்தேன். வீட்டில் அலமாரிக் கதவு கோணலாக நிற்காது. தொங்கும் துண்டின் இரண்டு முனைகளும் ஒரே மட்டத்தில் இருக்கும். நான் அடுக்கிய தட்டுகளை அவர் மறுபடி அடுக்குவார். மற்றவர்கள் பிள்ளையார் பிடிக்கப் போனால் குரங்கில் போய் முடியும். இவர் கையில் ஒரு குரங்கு கிடைத்தால், அது பாவம், பிள்ளையாராகாமல் வீட்டுக்குத் திரும்ப முடியாது. எனக்கு வாய் நீளம். அதனால் நான் பிழைத்துக்கொண்டேன். எங்கள் மகளுக்கு அந்த வாய் இல்லை.

அவள் சின்னவளாக இருந்தபோது ஒரு மாடு வரைந்தாள். நல்ல கொழுத்த மாடு, ஐந்து கால். ஓடி வந்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு ரப்பரைத் தேடினார்.

"மாட்டுக்கு நாலு காலுதான்மா."

"அது நடக்குதுப்பா" என்றாள் குழந்தை.

"நடந்தாலும் நாலுதான்" என்று சொல்லி ஒரு காலை அழித்தார். அதோடு விட்டாரா? முதுகை நேராக்கினார், கொம்பைச் சமப்படுத்தினார், வாலுக்குக் குஞ்சம் வைத்தார். அசல் மாடுகூட அவ்வளவு லட்சணமாக இருக்காது. "இப்ப பாரு" என்று திருப்பிக் கொடுத்தார். அவள் வாங்கிப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாள். ஆனால் அந்தத் தாளை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு படமோ, கட்டுரையோ, தலைக்கு வைத்த புது ரிப்பனோ, எதையும் அவள் அப்பாவிடம் காட்டியதில்லை. என்னிடம் காட்டுவாள், அதுவும் அவர் வருவதற்குள். சண்டை போட்டிருந்தால் நான் நடுவில் புகுந்து எதையாவது பேசித் தீர்த்திருப்பேன். சண்டையே இல்லையே. "சாப்பிட்டீங்களாப்பா?", "சாப்பிட்டேன்மா", அவ்வளவுதான் இரண்டு பேருக்கும் பேச்சு. தன் கல்யாணத்துக்கு எடுத்த துணியைக்கூட அவரிடம் காட்டவில்லை, மேடையில்தான் பார்த்தார். அது அவருக்கு உறைத்தது.

"அவ ஏன் என்கிட்ட மட்டும் எதையும் காட்ட மாட்டேங்கிறா?" என்று ஒரு தடவை கேட்டார்.

"காட்டினா திருத்துவீங்களே."

"நல்லதுக்குத்தானே திருத்தறேன்?"

நல்லதுக்குத்தான். அதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. வந்திருந்தால் அவரைக் கோபித்துக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும்.

மகள் ஒரு மழலையர் பள்ளியில் டீச்சரானாள். கல்யாணமாகி வேறு தெருவுக்குப் போனாள், அடிக்கடி என்னைப் பார்க்க வருவாள். போன வருஷம் அப்படி வந்திருந்தபோது, செருப்பைக்கூட மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடி, "அம்மா, அப்பாவால ஒரு வேலை ஆகணும்" என்றாள்.

உள்ளே இருந்தவருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. கையில் இருந்த டம்ளரோடு வெளியே வந்தார்.

விஷயம் இதுதான். பள்ளியில் சமாதான வாரம் கொண்டாடுகிறார்கள். விளையாட்டு மைதானத்தின் நீளச் சுவரில் பிள்ளைகளை வைத்துப் படம் போடுவது அவள் யோசனை. சுவர் முழுக்க வான நீலம். ஒவ்வொரு பிள்ளையும் கையை வெள்ளைப் பெயிண்டில் தோய்த்துச் சுவரில் பதிக்க வேண்டும். கட்டைவிரல் பறவையின் தலை, உள்ளங்கை உடம்பு, மற்ற விரல்கள் றெக்கை. சுவர் நிறைய வெள்ளைப் புறாக்கள். பிள்ளைகள் கையில் ஒட்டுவதால் தண்ணீரில் கரைகிற பெயிண்ட்தான் வாங்க முடியும், மழை பெய்தால் புறாக்கள் வழிந்து ஓடிவிடும். அதனால் மேலே கிளியர் அடித்துக் காப்பாற்ற வேண்டும்.

"அதுக்கு அப்பா மாதிரி யாரும் இல்ல" என்றாள் மகள்.

அன்று அவர் இரண்டு தடவை குளித்தார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை மனிதருக்கு.

சுவருக்கு நீலம் அடித்ததும் அவர்தான். சொரசொரப்பெல்லாம் போகத் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். பிள்ளைகள் படம் போடும் நாளில் நானும் துணைக்குப் போனேன். என் மகள் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, "சமாதானம்னா என்ன, யார் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"பழம் விடறது மிஸ்!" என்று ஒரே சத்தம்.

"பழம் விட்டுட்டு மறுபடியும் காய் விடறது" என்று ஒரு குட்டி எழுந்து நின்று விளக்கம் கொடுத்தது. எல்லோரும் அவளை வாலு என்று கூப்பிட்டார்கள். பொருத்தமான பெயர்தான். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள், எல்லாக் கேள்விக்கும் முதலில் கையைத் தூக்குவாள், பதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். தூக்குவது எப்போதும் வலது கை. அந்தக் கையில் கடைசி இரண்டு விரல்களும் பிறவியிலேயே பாதியோடு நின்றிருந்தன. நான் பார்த்த கண்ணை எடுத்துக்கொண்டேன். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

அவர் அந்த நேரத்தில் ஏணி மேல் இருந்தார். சுவரின் மேல் பக்கம் பெரிய எழுத்தில் 'சமாதானம்' என்று எழுதிக்கொண்டிருந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. எழுத்து முடிகிற வரையில் வீடு பற்றி எரிந்தாலும் திரும்ப மாட்டார். கீழே பிள்ளைகள் வந்து வந்து கையைப் பதித்தார்கள், நான் பின்னாலேயே ஒவ்வொருவரையும் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். ஒரு பையன் கையோடு மூக்கையும் பதித்தான். ஒருத்தி அழுத்திய அழுத்தில் பெயிண்ட் அவள் முழங்கை வரை வழிந்தது. வாலு தன் கையைப் பதித்து எடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

"மிஸ், என்னோடது குட்டிப் பறவை. இப்பதான் றெக்கை முளைக்குது."

"ஆமா, இப்பதான் முளைக்குது" என்றாள் என் மகள்.

மற்ற பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரத்திலேயே தங்கள் பறவை எது என்பது மறந்துபோனது. 'இது என்னோடது', 'இல்ல, என்னோடது' என்று சமாதானச் சுவருக்கு முன்னால் ஒரே அடிதடி. வாலுவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. தண்ணீர் குடிக்கப் போகும்போதும் வரும்போதும் தன் பறவையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

புறப்படும்போது மகள் அவரிடம் வந்தாள். "நீங்க இல்லன்னா இது நடந்தே இருக்காதுப்பா" என்றாள். பிறகு, கொஞ்சம் தயங்கி, "ஞாயித்துக்கிழமை வந்து மேல கிளியர் மட்டும் அடிச்சிடுங்க. வேற எதையும் தொட வேண்டாம், சரியா?" என்றாள்.

"சரிம்மா" என்றார்.

என் காதால் கேட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "நீங்க இல்லன்னா நடந்தே இருக்காதுன்னு சொன்னா, கேட்டியா?" என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டார். சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டார். பின்னால் வந்த வண்டிக்காரன் திட்டியதுகூட அவர் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகப் போனார். நான் போகவில்லை. வீட்டில் துவைக்கத் துணி குவிந்து கிடந்தது. கிளியர் அடிக்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது, வந்துவிடுவார் என்று சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பொழுது சாயும்போதுதான் வந்தார். கண் சிவந்திருந்தது, முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகத்தில் மட்டும் அப்படி ஒரு திருப்தி.

"இவ்வளவு நேரமா கிளியர் அடிச்சீங்க?"

"நாளைக்கு நீயும் வா. பிள்ளைங்க பார்க்கறப்ப நீயும் பார்க்கணும்" என்றார்.

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. ஆனால் ஆசையாகச் சொல்கிற மனிதரிடம் என்ன கேட்பது? காலையில் கிளம்பிப் போனோம்.

வேதாளம் முருங்கை மரம் ஏறியிருந்தது. வழிந்து நின்ற பெயிண்டெல்லாம் துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. மூக்கைப் பதித்த தடம் இல்லை. ஒவ்வொரு புறாவுக்கும் கண் இருந்தது, அலகு இருந்தது, றெக்கையில் இறகு பிரிந்திருந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே திசை. பிள்ளைகளின் வெள்ளை காய்ந்து கொஞ்சம் மங்கியிருந்ததால், மிச்சமிருந்த வெள்ளையில் ஒரு சொட்டு நீலம் கலந்து அதே மங்கலைக் கொண்டுவந்திருந்தார். பிள்ளை போட்டது எது, இவர் போட்டது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு மேல் கிளியர், முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது.

அழகாக இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தலைமை ஆசிரியை பார்த்துவிட்டு, "அடேயப்பா, பிள்ளைங்க செஞ்சதுன்னு யாருமே சொல்ல மாட்டாங்க!" என்று பாராட்டிவிட்டுப் போனார். இவர் அதற்கும் பூரித்துப்போனார்.

மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "ஐ, கண்ணு வந்திருக்கு!" என்று குதித்தார்கள். இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார், 'பார்த்தாயா' என்கிற மாதிரி. அந்தக் கூட்டத்தில் வாலு மட்டும் குதிக்கவில்லை. தான் கையைப் பதித்த இடத்துக்கு நேராகப் போனாள். அங்கே இருந்த பறவையில் தன் கையை வைத்துப் பார்த்தாள். எடுத்துவிட்டு அடுத்ததில் வைத்தாள். அடுத்ததில் வைத்தாள். பிறகு மறுபடி முதலில் இருந்து தொடங்கினாள்.

"மிஸ், என் குட்டிப் பறவையைக் காணோம்."

என் மகள் அப்போதுதான் வகுப்பறையிலிருந்து வந்தாள். சுவரைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இவருக்கு அவளுடைய முகம் புரியவில்லை. புரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பாரா?

"தொட வேண்டாம்னுதான்மா நெனச்சேன். ஒண்ணு ரெண்டு சரியா விழல. அதோ, அந்த ஒரு பறவைக்குப் பாவம், றெக்கை பாதிதான் பதிஞ்சிருந்துச்சு. முடிச்சு விட்டேன்."

"அது என்னோடது தாத்தா" என்றாள் வாலு. தன்னுடையது என்பதற்கு அடையாளமாகக் கையைத் தூக்கிக் காட்டினாள், வகுப்பில் தூக்குகிற மாதிரியே.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக அந்த ஆளின் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. ஓடிப்போய் அவர் கண்ணைப் பொத்தலாமா என்று இருந்தது.

"பரவாயில்லப்பா. நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள் மகள். பேருந்தில் காலை மிதித்துவிட்டவனிடம் சொல்வோமே, அந்தப் 'பரவாயில்லை'. அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் வீட்டுக்கு வரவில்லை. பட்டறைக்குப் போய் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு திரும்பவும் பள்ளிக்கூடத்துக்கே போனார். அந்த இரண்டு விரல்களை மட்டும் எடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். கிளியர் போட்ட இடத்தில் தேய்த்தால் கிளியர் மட்டுமா வரும்? அவர் போட்ட விரல் வந்தது, அதோடு குழந்தை பதித்த பாதி விரலும் வந்தது, அதன் அடியில் இருந்த நீலமும் வந்தது. கடைசியில் சிமெண்ட் தெரிந்தது. அவர் வேலை செய்து பழுதான ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த வாரம் பட்டறையில் கதவில் கீறலோடு ஒரு வண்டியை வெளியே விட்டுவிட்டார். முதலாளி வீடு தேடி வந்து, "அண்ணனுக்கு உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?" என்று என்னிடம் விசாரித்தார். ஜுரம் என்று சொல்லி அனுப்பினேன். வீட்டில் துண்டு ஏறுக்குமாறாகத் தொங்கியது. நானே போய் நேராக்கினேன்.

பிறகு மகளிடமிருந்து போன் வந்தது. சுவரை மறுபடி நீலமாக்கிவிட்டு, பிள்ளைகளை மறுபடி கை பதிக்கச் சொல்லப் போகிறாளாம். "அப்பாவையும் கூட்டிட்டு வாம்மா. பிரஷ் எல்லாம் வேண்டாம். பிள்ளைங்க கையைக் கழுவி விட்டா போதும்" என்றாள். அவளுக்கும் மனசு கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. இன்னொரு தடவை கதவைத் திறந்து வைக்கிறாள். இதிலும் தவறினால் அப்புறம் திறக்க மாட்டாள். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

நீலத்தை அவர்தான் அடித்தார், தான் முடித்துவைத்த பறவைகள் மேலேயே. பிள்ளைகள் வரும் நாளில் சட்டைப் பையைக்கூட என்னிடம் காட்டினார், பிரஷ் இல்லை என்பதற்காக. "அந்தக் குழந்தைகிட்ட என்ன சொல்றது?" என்று வழியில் கேட்டார். "தெரியாம செஞ்சிட்டேன்னு சொல்லுங்க, போதும்" என்றேன். வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

குழாயடியில் உட்கார்ந்துகொண்டார். வாலு வரிசையில் நின்றபோது அவளைக் கூப்பிட்டு, "தாத்தா அன்னிக்குத் தெரியாம உன் பறவையைக் கெடுத்துட்டேன்மா. தப்புதான்" என்றார். அவர் வாயிலிருந்து 'தப்பு' என்ற வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "சரி தாத்தா" என்று தலையாட்டிவிட்டு அவள் வரிசைக்கு ஓடினாள். பக்கத்தில் நின்ற என் மகள் அதைக் கேட்டாள். அப்பாவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

வாலுவின் முறை வந்தது. கையைத் தோய்த்தாள், சுவரில் அழுத்தினாள், எடுத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு பெயிண்ட் சொட்டும் கையோடு நேரே குழாயடிக்கு வந்தாள்.

"தாத்தா, மீதி விரலை இப்பவே போட்டுடறீங்களா? காஞ்சுட்டா ஒட்டாது."

அவர் அவசரமாக எழுந்தார். "வேண்டாம்மா. இதுதான் சரியா இருக்கு. குட்டிப் பறவை, இப்பதானே றெக்கை முளைக்குது" என்றார்.

அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள், புரட்டிப் புரட்டி, இதற்கு முன் பார்க்காத எதையோ பார்ப்பது போல.

"இல்ல தாத்தா. நீங்க போட்டப்பதான் நல்லா இருந்துச்சு" என்றாள்.

அவர் இருந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டார். குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.